கொக்கத்தடி

நான் ஒரு தோட்டக்காரன். வடமராட்சியிலை வெங்காயமும் புகையிலையும் செய்து சீவிச்ச ஆள். எண்பது வயதுக்கு மேலை மகள் என்னை வேரோடை கிளப்பிக் கொண்டந்து, வெள்ளவத்தையிலை கடற்கரைப் பக்கம் இறங்குற ஒரு லேனுக்குள்ளை, நாலாம் மாடியிலை நட்டு வைச்சிருக்கிறா. இன்னும் வேர் பிடிக்கேல்லை. பட்டும் போகேல்லை. கீழை கோச்சி போகேக்கை யன்னல் கண்ணாடியள் கிடுகிடுக்கும். அதுதான் எனக்கு மணிக்கூடு.

இந்த வீட்டிலை செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நாலரைக்கு ஒரு நாடகம் நடக்கும். ரிக்கற் இல்லை. கொட்டாஞ்சேனையிலையிருந்து 155 பஸ்சிலை ஒரு ரீச்சர் பிள்ளை வந்து என்ரை பேரனுக்கு இங்கிலிஷ் படிப்பிப்பா. பேரனுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. நான் ஹோலிலை சாய்மனைக் கதிரையிலை பேப்பரை முகத்துக்கு நேரை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு கிடப்பன். பேப்பர் பிடிச்சால் காது கேக்காது எண்டு கொழும்பிலை எல்லாரும் நம்புகினம். நல்ல சனங்கள்.

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. அதாலைதான் இங்கிலிஷ் படிப்பிக்கிற ஆக்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி வந்தது. டொக்டரின்ரை கை மெதுவோ எண்டு பல்லுப் புடுங்கினவனைத்தான் கேக்கவேணும். டொக்டரைக் கேட்டால் தன்ரை கை பஞ்சு எண்டுதான் சொல்லுவார்.

போன மாசம் ஒருநாள் பேரன் பள்ளிக்கூடத்தாலை வந்து, கொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்திலை இருந்தான். முகம் அவிச்ச பனங்காய். "என்னடா மோனை?" எண்டன். "இங்கிலிஷ் மிஸ் என்னை வகுப்பிலை எழும்பி நிக்க விட்டிட்டா அம்மப்பா."

"ஏனாம்?"

"அவவைப் பாத்ததுக்கு."

கொப்பியை விரிச்சான். கோழி கிளறின மாதிரிச் சிவப்பு மை. அடியிலை ரெண்டு சொல்லு. "சீ மீ" எண்டு வாசிச்சான். எங்கடை ஊரிலை "சீ" எண்டால் நாயைக் கலைக்கிறது. பேரன் அந்தளவுக்கு மொக்கன் இல்லை. சீ எண்டால் பார், மீ எண்டால் என்னை. என்னைப் பார் எண்டு எழுதியிருக்கிறா. பாத்தான். பெடியன் சொல்லுக் கேக்கிற பெடியன். ரெண்டு நாளா, பாடம் தொடங்கின நேரத்திலையிருந்து மணி அடிக்கு மட்டும், கண் வெட்டாமல் அவவையே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறான். மூண்டாம் நாள் அவவுக்கு வந்ததே கோவம். முழிசிப் பாக்கிற துணிவு எங்கையிருந்து வந்தது எண்டு எழுப்பி விட்டிட்டா. பாடம் முடிய என்னை வந்து சந்தி எண்டதைத்தான் அவ அந்த ரெண்டு சொல்லுக்குள்ளை சுருட்டி வைச்சவவாம். சுருட்டு எண்டால் எனக்கும் சுருட்டத் தெரியும். பத்துறவனுக்கு இழுபட வேணுமெல்லோ.

அதே பக்கத்திலை ஓரத்திலை ஏழு இடத்திலை "எஸ்பி", "எஸ்பி" எண்டு கிடந்தது. எனக்குத் தெரிஞ்ச எஸ்.பி. ரெண்டு பேர்தான். ஒருத்தர் பொலிஸ் ஜீப்பிலை போறவர். மற்றவர் பாட்டுப் படிச்ச பாலசுப்பிரமணியம். இந்த ரெண்டு பேரும் என்ரை பேரன்ரை கொப்பிக்குள்ளை ஏழு தரம் வந்து போக என்ன காரணம் எண்டு எங்கடை ரீச்சர் பிள்ளையைக் கேட்டன். "ஸ்பெல்லிங் பிழை தாத்தா, அதைத்தான் சுருக்கமா அப்படி எழுதுவாங்க" எண்டா. எழுத்துக் குறைஞ்சு போச்சு எண்டு சொல்லுறதுக்கு எழுத்தைக் குறைச்சு எழுதுகினமாம். நான் ஒண்டும் சொல்லேல்லை. பேப்பரைத் தூக்கினன்.

ஆனால் எங்கடை பிள்ளையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நல்ல படிப்பு, நல்ல குணம், தங்கமான குரல். கொட்டாஞ்சேனையிலை ஒரு பள்ளிக்கூடத்திலை பகல் முழுக்கப் படிப்பிச்சுப்போட்டு, அந்தக் களையோடை இஞ்சை வாறவ. அவ இங்கிலிஷ் கதைக்கேக்கை கேக்க வடிவாயிருக்கும், கோயில் திருவிழாவிலை தூரத்திலை நாதஸ்வரம் கேக்கிற மாதிரி. எங்கை வாசிக்கினம், ஆருக்கு வாசிக்கினம் எண்டு மட்டும் விளங்காது.

"புத்தகத்தைத் திற, 46ஆம் பக்கத்துக்குப் போ, ரெண்டாவது பந்தியை வாசி, தெரியாத சொல்லுகளுக்குக் கீழை கோடு போடு, பிறகு கேள்வியளுக்கு மறுமொழி எழுது." இவ்வளவும் ஒரே மூச்சிலை, இங்கிலிஷிலை. பேரன் புத்தகத்தைத் திறந்தான். அவ்வளவுதான் அவனுக்குப் போய்ச் சேந்தது. மிச்சம் நாலும் மேசையிலையிருந்து வழிஞ்சு நிலத்திலை ஊத்துண்டு போச்சு.

பிறகு கேப்பா: "டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?"

"யெஸ் ரீச்சர்."

சம்பந்தி வீட்டிலை சாப்பிட்டிட்டு எழும்பேக்கை, "எப்பிடி, கறியிலை உறைப்புக் கூடிப்போச்சோ?" எண்டு கேட்டால் ஆர் உண்மை சொல்லுவான்? நாக்கு எரிஞ்சு கண்ணாலை தண்ணி ஓடினாலும் "சோக்கா இருந்தது" எண்டுதான் சொல்லவேணும். விளங்கினதோ எண்ட கேள்வியும் அந்தச் சாதிக் கேள்விதான். அதுக்கு ஓம் எண்டது மறுமொழி இல்லை, மரியாதை.

முகத்தைப் பாத்து அவவுக்கும் ஏதோ சந்தேகம் வரும். அதே வசனத்தை இன்னொருக்கால் சொல்லுவா. இந்த முறை உரத்து. பேரனுக்குக் காது நல்லாக் கேக்கும். குசினியிலை பிஸ்கற் பக்கற் உடையிற சத்தம் லிவ்ற்றுக்குள்ளை நிண்டாலே அவனுக்குக் கேக்கும்.

சிரிக்கிறன் எண்டு நினையாதையுங்கோ. நானும் இந்த வாசலாலை வந்தவன்தான். அம்பதுகளிலை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை எங்களுக்கு ஒரு இங்கிலிஷ் வாத்தியார். வேட்டிக்கு மேலை கோட்டு. அதுக்கு மேலை பிரம்பு. ஒருநாள் தோட்டத்திலை இறைப்பு முடிச்சுப் போகப் பிந்திப்போச்சு. வாசலிலை மறிச்சு "வை ஆர் யூ லேட்?" எண்டார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷிலை நல்லதா ஒண்டைப் பொறுக்கி எடுத்து "யெஸ் சேர்" எண்டன். கையிலை ஒண்டு. "ஐ ஆம் ஆஸ்கிங் வை!" எண்டார். இன்னும் நல்லதா ஒண்டு தேடி "வெரி குட் சேர்" எண்டன். அண்டைக்கு விழுந்த அடியோடை நான் இங்கிலிஷிட்டை விடை பெற்று வெங்காயத்திட்டைப் போனன். அந்த மனிசனிலை பிழை சொல்ல மாட்டன். அவரும் அப்பிடித்தான் படிச்சிருப்பார்.

இனிக் கொக்கத்தடிக் கதைக்கு வாறன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாடம் முடிய நல்ல மழை. பிள்ளைக்கு இறங்கிப் போக வழியில்லை. மகள் தேத்தண்ணி குடுத்தா. நான் பேப்பரை மடிச்சு வைச்சிட்டு, ஊரிலை வேலியாலை எட்டிப் பாத்துக் கதைக்கிற வேகத்திலை கேட்டன்:

"பிள்ளை, வாற வெள்ளி வரேக்கை உங்கடை பக்கத்திலை ஒரு கொக்கத்தடி எடுத்தந்து தாறியளே? நெட்டையா, நுனியிலை சத்தகம் கட்டினதா இருந்தால் விசேசம். அதோடை ஒரு உமலும் ரெண்டு பிளாவும். நீத்துப்பெட்டி கிடக்கு, அது தேவையில்லை."

பிள்ளை வடிவாச் சிரிச்சா. "சரி தாத்தா, கொண்டு வாறேன்."

"155இலை ஏத்துவினமோ?"

"ஆ... ஏத்துவாங்க தாத்தா."

"முழு ரிக்கற்றோ அரை ரிக்கற்றோ போடுவான்?"

ஒரு கணம் யோசிச்சா. "முழு டிக்கட் தான் போல."

பேரன் மேசைக்குக் கீழை போயிட்டான், சிரிப்பை அடக்க. குசினிக்குள்ளையிருந்து மகள் "அப்பா!" எண்டு ஒரு சத்தம்.

பிறகு நான் எழும்பி, மூலையிலை நிண்ட வளைஞ்ச பிடிக் குடையை எடுத்துத் தலைகீழாப் பிடிச்சன். யன்னலடியிலை உடுப்புக் காயப்போடுற கயித்திலை பேரன்ரை மேசு ஒண்டு தொங்கினது. குடைப்பிடியாலை அதைக் கொழுவி இழுத்து விழுத்தினன். "மாங்காய்" எண்டன். மற்றதையும் இழுத்தன். "முருங்கைக்காய்" எண்டன். குடையை நீட்டிக் காட்டி, இன்னும் நீட்டு எண்டு கையை முகட்டு மட்டும் விரிச்சன்.

"ஐயோ, தொரட்டி!" எண்டா பிள்ளை. பிறகு அந்தத் தடியோடை 155இலை ஏறுற தன்னைக் கண்ணுக்குள்ளை கண்டிருக்கவேணும். தேத்தண்ணி மூக்காலை வந்திட்டுது.

சிரிச்சு முடிய, பாவம், முகம் சிவந்து போச்சு. "புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு தாத்தா" எண்டா.

"நீங்கள் பட்டம் படிச்ச பிள்ளை. நான் பிரம்பு வைச்சிருக்கேல்லை. மாக்ஸ் குறைக்கப் போறேல்லை. நான் கதைச்சதும் தமிழ்தான். எண்டாலும் வெக்கம் வந்தது. அவனுக்குப் பதினொரு வயது, பிள்ளை" எண்டன்.

இதுக்குப் பிறகுதான் என்ரை நாக்கு அவிண்டது. மழையும் விடேல்லை.

முதல் சொன்னது தண்ணி மாறுற கதை. வெங்காயத்துக்கு இறைக்கேக்கை, மிசின் ஒரு பக்கம் இரைஞ்சுகொண்டு கிடக்கும். தண்ணி மாறுறவன் மண்வெட்டியோடை பாத்தியிலை நிப்பான். ஒரு பாத்தி நிரம்பினாப் பிறகுதான் அதின்ரை வாயை மூடி மற்றதைத் திறக்கிறது. அவன்ரை கண் கிணத்திலையோ? இல்லை, பாத்தியிலை. எவ்வளவு தண்ணி விட்டன் எண்டு கணக்குப் பாக்கிறேல்லை, எவ்வளவு ஊறினது எண்டுதான் பாக்கிறது. நீங்கள் கிணத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள் பிள்ளை. உங்கடை கிணத்திலை தண்ணிக்குக் குறைவில்லை, அதிலை ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. 46ஆம் பக்கம் எண்டால் முதல் அந்தப் பக்கத்தை விரிக்கட்டும். விரிச்சதைக் கண்டாப் பிறகு பந்தி. விளங்கினதோ எண்டு கேக்காமல், "இப்ப என்ன செய்யப் போறாய், சொல்லு பாப்பம்" எண்டு கேட்டால், ஊறினது எவ்வளவு எண்டு உடனை தெரிஞ்சிடும்.

"வகுப்பில நாப்பது பிள்ளைங்க இருக்காங்க தாத்தா. ஒரு பீரியட் நாப்பது நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம். நீங்க ஒரு குடையை வச்சுக்கிட்டு ஒரு ஆளுக்குச் சொல்லிக் குடுத்திட்டீங்க" எண்டா. நல்ல அடி. வாங்கிக்கொண்டன். நாப்பது பாத்தியும் ஒரே நேரத்திலை நிரம்பாதுதான். எண்டாலும் கடைசிப் பாத்தி காய்ஞ்சு கிடக்கோ எண்டு ஒருக்கால் வரம்பாலை நடந்து போய்ப் பாக்கலாமே எண்டன். "அதைச் செய்யலாம்" எண்டா.

எனக்குத் தெரிஞ்ச ஆகப் பெரிய மொழி வாத்தியார் பஸ் கொண்டக்டர்தான். நான் சிங்களம் படிச்சது 155இலையும் 101இலையும். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" எண்டு கத்துவான். அதே நேரம் முதுகிலை அவன்ரை கை. முன்னுக்குப் போ எண்டதுக்கு இதைவிட நல்ல அகராதி எங்கை இருக்கு? ஒருநாள் இறங்கவேண்டிய இடம் வர, எழும்பி நிண்டு "பஹின்ன!" எண்டு கத்தினன். அது "நீ இறங்கு" எண்டதாம். கொண்டக்டரை அவன்ரை பஸ்சாலை இறங்கச் சொல்லியிருக்கிறன். அவன் சிரிக்கேல்லை. சிவப்பு மை எடுக்கேல்லை. பஸ்சைத் தட்டி, டிறைவருக்குக் கேக்க "பஹினவா!" எண்டு குரல் குடுத்தான். பஸ் நிண்டது. இறங்கினன். அண்டையிலையிருந்து நான் "பஹினவா"தான். பிழையைச் சொல்லிக் காட்டேல்லை, சரியானதைச் சொல்லிக் காட்டினான். என்ரை வேலையும் முடிஞ்சது. தாய்மார் செய்யிறதும் இதுதானே. "அம்மா மாமா வந்தது" எண்டு குழந்தை சொல்ல, "ஓமோம், மாமா வந்திட்டாரோ?" எண்டு தூக்குவினம். எஸ்பி எண்டு நெத்தியிலை எழுதுறேல்லை.

பேரன் ஸ்கூலை "இஸ்கூல்" எண்டால் பிள்ளைக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அவன் அந்தச் சொல்லைப் பிறகு ஒரு கிழமைக்கு எடுக்க மாட்டான். வெள்ளைக்காரர் எங்கடை மண்ணிலை என்ன செய்தவை எண்டு பாருங்கோ. அமெரிக்க மிசன்காரர் 1823இலை வட்டுக்கோட்டையிலை பெரிய பள்ளிக்கூடம் ஒண்டு தொடங்கிச்சினம். பேர் என்ன தெரியுமோ? பற்றிக்கோட்டா செமினறி. வட்டுக்கோட்டை பற்றிக்கோட்டா. மட்டக்களப்பு பற்றிக்கலோ. யாழ்ப்பாணம் ஜஃப்னா. பறங்கி, ஒல்லாந்தன், இங்கிலிஷ்காரன் எண்டு மாறி மாறி வந்தவை ஊர்ப் பேரைச் சப்பித் துப்பினதுக்கு ஆரும் முழங்காலிலை நிக்க வைச்சதோ? நாங்களெல்லோ போர்டை மாத்தினம்! என்ரை பேரன் ஒரு "இ" கூடப் போட்டதுக்குத்தான் உலகம் அழிஞ்சு போகப்போகுது.

மூத்த பேத்தி பேராதனையிலை படிக்கிறவ. லீவுக்கு வரேக்கை இப்பிடியான கதையளை வாசிச்சுச் சொல்லுவா. அங்கை கம்பஸ் பெடியள் இங்கிலிஷுக்குச் சிங்களத்திலை ஒரு பேர் வைச்சிருக்கினமாம்: "கடுவ." வாள். திரு கந்தையா எண்ட எங்கடை மொழிப் பேராசிரியர் ஒருத்தர் 1984இலை அதை வைச்சே ஒரு கட்டுரை எழுதினவராம். சட்டத்திலை வேறை பேர். 1987இலை 13ஆவது திருத்தத்தோடை தமிழையும் அரச கரும மொழியாக்கி, இங்கிலிஷை இணைப்பு மொழி எண்டு எழுதினவை. ஒரே சாமானுக்குச் சட்டத்திலை கயிறு எண்டும் சனத்தின்ரை வாயிலை வாள் எண்டும் பேர். எனக்கு ரெண்டும் சரியாத்தான் கிடக்கு. ஆனால் மாம்பழம் வெட்டிக் குடுக்கிற வீட்டிலை, கத்தியை மற்றவனுக்கு நீட்டேக்கை பிடியை அவன்ரை பக்கம் திருப்பித்தான் நீட்டுறது. ரீச்சர்மார் சிலபேர் அலகை நீட்டுகினம்.

இந்த இடத்திலை என்ரை வீட்டையும் காட்டிக் குடுக்கவேணும். குளிர்ப்பெட்டிக்கு மேலை ஒரு மில்க்மெய்ட் ரின் கிடக்கு. மகளின்ரை சட்டம். செவ்வாயும் வெள்ளியும் பேரன் தமிழிலை வாய் திறந்தால் ஒரு சொல்லுக்கு இருபது ரூவா அதுக்குள்ளை போடவேணும். முதல் நாளே நான் ஆயிரம் ரூவாயைக் கொண்டுபோய் முற்பணமாப் போட்டன், சீசன் ரிக்கற் எண்டு. மகள் ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. எந்த மொழியிலையும். ஆனால் ரின்னைப் பாத்தியளோ? என்ரை ஆயிரம் மட்டும்தான் உள்ளை கிடக்கு. பெடியன்ரை இருபது ஒண்டும் விழேல்லை. மகளுக்குப் புளுகம். எனக்குத்தான் தெரியும், பேசாமல் இருக்கிறதுக்குக் குற்றப்பணம் இல்லை எண்டு அவன் கண்டுபிடிச்சிட்டான்.

தமிழை வெளியிலை நிப்பாட்டிப்போட்டு இங்கிலிஷை உள்ளை கூப்பிடலாம் எண்டு நினைக்கினம். யாழ்ப்பாணத்திலை இருந்த சுரேஷ் கனகராஜா இதை நேரை போய்ப் பாத்தவர் எண்டு பேத்தி சொன்னா. இப்ப அமெரிக்காவிலை பென்சில்வேனியா ஸ்டேட் யூனிவேர்சிற்றியிலை பேராசிரியர். யுத்த காலத்திலை யாழ்ப்பாணத்து இங்கிலிஷ் வகுப்புகளுக்குள்ளை இருந்து எழுதி எடுத்தவராம். ரீச்சர்மார் வகுப்பிலை இங்கிலிஷ்தான் எண்டு நிப்பினமாம். ஆனால் ஏசேக்கை தமிழ், தட்டிக் குடுக்கேக்கை தமிழ், இதைச் செய் அதைச் செய் எண்டு தெளிவாக்கேக்கை தமிழ். தாங்கள் தமிழுக்குத் தாவினதே அவையளுக்குத் தெரியாது. கள்ளத்தனமாப் பாவிச்ச அந்தத் தமிழாலைதான் பாடம் ஓடினது. யாழ்ப்பாணக் கம்பஸிலை, அமெரிக்காவிலை அச்சடிச்ச ஒரு புத்தகத்தை வைச்சுப் படிப்பிச்சிருக்கினம், "அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ்" எண்டு. வெளியிலை ஷெல். உள்ளை அமெரிக்கச் சனத்தின்ரை கதை. பிள்ளையள் புத்தகத்தின்ரை ஓரங்களிலை கீறியும் எழுதியும் தள்ளியிருக்கினம். மற்ற ரீச்சர் எண்டால் புத்தகத்தைப் பழுதாக்கினதுக்குப் பிரம்பு எடுப்பா. இந்த மனிசன் அந்தக் கிறுக்கல்களைச் சேத்து, பிள்ளையள் என்ன சொல்லுகினம் எண்டு வாசிச்சவர். 1999இலை ஒக்ஸ்போட் அவரின்ரை புத்தகத்தைப் போட்டது. வகுப்பிலை பிள்ளையள் கதைக்காட்டி ஓரத்திலை கதைப்பினம், பாக்க ஆள் வேணும்.

"பாத்தீங்களா, நீங்க கொக்கத்தடின்னு சொன்னதும் எனக்கு ஒண்ணும் வரலை. தொரட்டின்னு வந்த பிறகுதான் உக்காந்திச்சு" எண்டு பிள்ளையே எடுத்துச் சொன்னா. அதுதான். புதுச் சொல்லு வந்து இருக்க உள்ளுக்கை ஒரு பழைய கதிரை வேணும். பழைய சாமானை எல்லாம் வெளியிலை எறிஞ்சிட்டு விருந்தாளியை வா எண்டால் நிலத்திலையோ இருப்பார்?

மானிப்பாயிலை டொக்டர் சாமுவேல் கிறீன் எண்டு ஒரு அமெரிக்கர் இருந்தவர். 1847இலை வந்தவர். முதல் இங்கிலிஷிலைதான் பெடியளுக்கு வைத்தியம் படிப்பிச்சவர். பிறகு மனிசன் மாறி யோசிச்சுது. எங்கடை தமிழைப் படிச்சு, மற்றவையையும் சேத்துக்கொண்டு வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கி, அறுபதுகளிலை தமிழிலையே டொக்டர்மாரை உருவாக்கத் தொடங்கினார். 1860கள், நாங்கள் பிறக்க முதல். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் எண்டு புத்தகங்கள். 1884இலை அமெரிக்காவிலை செத்தவர். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் எண்டு கல்லறையிலை எழுதச் சொன்னவராம். பாடம் விளங்கேல்லை எண்டு பெடியளிலை பிழை பிடியாமல் தான் போய் மொழி படிச்ச வாத்தியார். ரீச்சர்மார் எல்லாரும் அவ்வளவுக்குப் போகத் தேவையில்லை. பிள்ளையின்ரை வீட்டிலை கொக்கத்தடியோ தொரட்டியோ எண்டு கேட்டு வைச்சால் காணும்.

வெள்ளவத்தையிலை லைற் போஸ்ற் எல்லாத்திலையும் ஒரு நோட்டீஸ் தொங்குது, மூண்டு மாசத்திலை சரளமா இங்கிலிஷ் எண்டு. சின்ன வெங்காயத்துக்கே ரெண்டு ரெண்டரை மாசம் வேணும். அதைப் பற்றி வேறை என்ன சொல்ல.

மழை குறைய, பிள்ளை கைப்பையை எடுத்தா. வாசலிலை செருப்புப் போடேக்கை நான் கடைசிக் கதையையும் விட்டன். மேரி பட் றோ எண்டு அமெரிக்காவிலை ஒரு மனிசி, வகுப்பறையளின்ரை ரேப்புகளைப் போட்டுக் கேட்டுக் கணக்கெடுத்தவ. 1970களிலை. கேள்வி கேட்ட ரீச்சர் மறுமொழிக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறா? ஒரு செக்கன் அளவுதான். அதை மூண்டு செக்கனாக்கினால் பிள்ளையள் நீட்டா மறுமொழி சொல்லுகினம், வாயே திறவாததுகளும் திறக்குதுகள். மூண்டு செக்கன் எண்டது வெத்திலைக்குச் சுண்ணாம்பு பூசிற நேரம்கூட இல்லை. அந்தப் பிள்ளையள் இங்கிலிஷைத் தாயிட்டைக் குடிச்சதுகள். எங்கடை பெடியன் கேள்வியைத் தமிழுக்கு மாத்தி, மறுமொழியைத் தமிழிலை யோசிச்சு, அதைத் திரும்ப இங்கிலிஷுக்கு ஏத்தி, பருத்தித்துறையிலையிருந்து கொழும்புக்கு வாற மாதிரி வரவேணும். அதுக்கிடையிலை பஸ்சை எடுத்திட்டா என்ன செய்யிறது?

"உங்களுக்கு இங்கிலிஷ் தெரியாதுன்னு தானே சொன்னீங்க தாத்தா?" எண்டு ஒரு பார்வை பாத்தா பிள்ளை.

"தெரியாது" எண்டன். லிவ்ற் வந்திட்டுது.

வெள்ளிக்கிழமை நாலரை. பெல் அடிச்சுது. நான் எனக்குரிய இடத்திலை, பேப்பரோடை. பிள்ளை உள்ளை வந்து, செருப்பைக் கழட்டி, எனக்கு முன்னாலை நிண்டு, பழகிக்கொண்டு வந்திருப்பா போலை, ஒவ்வொரு சொல்லா எடுத்து வைச்சா: "ஐயா, கொக்கத்தடியை ஏத்த ஏலாதெண்டு கொண்டக்டர் சொல்லிப்போட்டான்."

"எண்டு" எண்டதிலை கொஞ்சம் கொட்டாஞ்சேனை கிடந்தது. "ஓ, ஏத்த ஏலாதெண்டு சொல்லிப்போட்டானோ? போகட்டும்" எண்டன்.

பாடம் தொடங்கிச்சுது. அண்டைக்குப் புத்தகம் திறக்கேல்லை. "வட் இஸ் அம்மப்பா டூயிங்?" எண்டு பேரனைக் கேட்டா.

பேரன் பேசேல்லை. பிள்ளையும் பேசேல்லை. நான் பேப்பருக்குப் பின்னாலை எண்ணினன். ஒண்டு. ரெண்டு. மூண்டு. வழமையா இந்த இடத்திலை அவவே மறுமொழியைச் சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவா. நாலு. அஞ்சு. கீழை கோச்சி வந்து யன்னல் கிடுகிடுத்து ஓய்ஞ்சுது. அதுக்குப் பிறகும் ஒருத்தரும் அசையேல்லை.

"அம்மப்பா நொட் ரீட் பேப்பர்" எண்டான் பேரன். "ஹீ... ஹீ ஹியர் அஸ். எவ்றி டே."

"யெஸ், ஹீ இஸ் லிஸனிங் டு அஸ்" எண்டா பிள்ளை, ஒண்டும் நடவாத மாதிரி. "எவ்றி டே?"

"எவ்றி டே. ஹீ இஸ் லிஸனிங் அன்ட் லாஃபிங்."

பேப்பர் என்ரை கையிலை குலுங்கிச்சுது. மகள் குசினிக்குள்ளையிருந்து எட்டிப் பாத்து, "என்னப்பா, ஏன் பேப்பர் ஆடுது?" எண்டு கேட்டா.

"கோச்சி போகுது" எண்டன்.